சர்ஜன் கற்க வேண்டிய இன்னொரு வித்தை

"இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பார்த்துக்குங்க."

நோய் முற்றிய ஒருவரின் குடும்பத்தார் பெரிய ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்கிற வார்த்தை பல சமயம் இதுதான். சொல்பவர் பெரும்பாலும் ஒரு சர்ஜன். அவருக்கு அடுத்த ஆபரேஷன் காத்திருக்கும், போய்விடுவார். கேட்டவர்கள் ஊர் திரும்ப வேண்டும். வலியில் துடிப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் ஒலக்கூர், திண்டிவனத்தை அடுத்து சென்னை போகிற ரயில் பாதையில் உள்ள ஊர். சுற்று வட்டாரத்திலிருந்து இப்படித் திரும்பி வந்தவர்கள், "நாட்டு மருந்தாவது கொடுத்துப் பார்ப்போமே" என்று என்னைப் போன்ற சித்த வைத்தியரிடம் வருவார்கள். ரிப்போர்ட் கட்டை மேசை மேல் வைப்பார்கள். நோய் குணமாகுமா என்று கேட்பவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் கேட்பது வேறு: "ராத்திரி ரெண்டு மணி நேரமாவது தூங்கணும் ஐயா. அதுக்கு ஏதாவது வழி உண்டா?"

வழி உண்டு. அதுவும் அந்த சர்ஜனின் கையிலேயே உண்டு. ஆனால் அதை அவர் கற்றிருக்க வேண்டும். சித்த மருத்துவன் எதற்காக சர்ஜன்களின் படிப்பைப் பற்றி எழுதுகிறான் என்று நினைக்காதீர்கள். கட்டியை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் சர்ஜன்தான். குடும்பம் அதிகம் நம்புவதும் அவரைத்தான். "ஒண்ணும் இல்லை" என்பதற்குப் பதிலாக, "நோயை எடுக்க முடியாது, ஆனால் வலியை எடுக்க முடியும், வாங்க" என்று அவர் சொல்லிவிட்டால், நோயாளிக்கு மிச்சமிருக்கிற மாதங்கள் அத்தனையும் வேறு மாதிரி ஆகிவிடும். வாசகர்களாகிய உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆதரவு சிகிச்சை என்றால் என்ன?

நோயின் வேரை அறுக்க முடியாதபோதும், அது தருகிற துன்பத்தைக் குறைப்பதற்குச் செய்யும் வைத்தியமே ஆதரவு சிகிச்சை. ஆங்கிலத்தில் இதைப் பாலியேட்டிவ் கேர் என்பார்கள். லத்தீன் மொழியில் பாலியம் என்றால் மேலங்கி, போர்வை. குளிரை நிறுத்த முடியாவிட்டாலும் நடுங்குபவர் மேல் ஒரு போர்வையைப் போர்த்தலாம் அல்லவா? அந்தக் கருத்துதான்.

இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதல்ல. சிறுநீரகம் கெட்டவர்கள், இதயம் தளர்ந்தவர்கள், நுரையீரல் நோயால் மூச்சு முட்டுபவர்கள், பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்கள் எல்லோருக்கும் உரியது. கடைசி வாரத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்தே, ஆபரேஷன், கதிர்வீச்சு, மருந்து இவற்றோடு சேர்த்தே செய்யலாம். ஆண்டுதோறும் உலகில் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இது தேவைப்படுவதாகவும், அவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கே கிடைப்பதாகவும் 2020ல் வெளியான உலக அளவிலான கணக்கு சொல்கிறது.

வலி என்று நாம் சொல்வதும் ஒரே சரக்கு அல்ல. வயிற்றில் கட்டி உள்ள ஒரு குடும்பத் தலைவரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி நரம்பை அழுத்துவது ஒரு வலி. "பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலையே" என்பது இரண்டாவது வலி. நிலத்தை அடமானம் வைத்து ஆபரேஷன் செய்தோமே என்பது மூன்றாவது. "நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்?" என்பது நான்காவது. நான்கும் ஒன்றையொன்று ஊதிப் பெரிதாக்கும். இவற்றைச் சேர்த்து 'முழு வலி' என்று பெயரிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். உடம்பு வலிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டால், மாத்திரையும் பாதிதான் வேலை செய்யும்.

வழி திறந்தவர்களில் சர்ஜன்களும் உண்டு

கத்தி பிடிப்பவர்களுக்கும் இந்தத் துறைக்கும் தொடர்பே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாகவும், பிறகு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். சாகப் போகிறவர்களுக்கு வலி தீர்க்க வேண்டும் என்று அவர் துடித்தபோது, நீ போய் டாக்டருக்குப் படி, அப்போதுதான் உன் பேச்சைக் கேட்பார்கள், இவர்களைக் கைவிடுவதே டாக்டர்கள்தான் என்ற பொருளில் அவருக்கு அறிவுரை சொன்னவர் நார்மன் பாரெட் என்ற மார்பு அறுவை நிபுணர். அந்த அம்மையாரும் படித்து 1957ல் டாக்டரானார். 1967ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற நிலையத்தைத் தொடங்கினார். இன்றைய ஆதரவு சிகிச்சைக்குத் தாய்வீடு அதுதான்.

1973ல் அந்த நிலையத்துக்குக் கனடாவிலிருந்து ஒரு சர்ஜன் கற்றுக்கொள்ள வந்தார். பெயர் பால்ஃபர் மவுண்ட். சிறுநீர்ப் பாதை அறுவையிலும் புற்றுநோய் அறுவையிலும் தேர்ந்தவர். தன்னுடைய ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில் சாகும் தறுவாயில் இருப்பவர்கள் எப்படிக் கவனிக்கப்படுகிறார்கள் என்று ஆராய்ந்து பார்த்தவர், கவனிப்பு போதாது என்று கண்டு வருந்தினார். ஊர் திரும்பி, 1975ல் மான்ட்ரியால் நகரில் அதே ஆஸ்பத்திரிக்குள் இதற்கென்று ஒரு வார்டு திறந்தார். பாலியேட்டிவ் கேர் என்ற பெயரை வைத்தவரும் அவரே. பெயர் சூட்டியவர் ஒரு சர்ஜன் என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில்? மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் புற்றுநோய் சர்ஜன் டாக்டர் எல்.ஜே. டிசோசா, 1986ல் பாந்த்ரா பகுதியில் சாந்தி அவேத்னா சதன் என்ற இல்லத்தை உருவாக்கினார். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் இதுதான். 1993ல் கேரளத்தின் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் ஒரு வலி நிவாரண கிளினிக் தொடங்கினார்கள். பின்னாளில் ஊர் மக்களே தொண்டர்களாகச் சேர்ந்து, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் இயக்கமாக அது வளர்ந்தது. 1994ல் இந்திய ஆதரவு சிகிச்சைச் சங்கம் பிறந்தது.

அமெரிக்காவில் 2006ல் இதைத் தனி நிபுணத்துவமாக ஏற்றபோது, ஆதரவளித்த 10 மருத்துவ வாரியங்களில் சர்ஜன்களின் வாரியமும் ஒன்று. அங்கே ஒரு சர்ஜன் விரும்பினால், மேற்பயிற்சியும் தேர்வும் முடித்து இந்தத் துறையில் சான்று பெறலாம்.

நம்மிடம் இந்திய மருத்துவக் கவுன்சில் 2010ல் இதை எம்.டி. படிப்பாக ஏற்றது. 2012ல் டாடா மருத்துவமனையில் அந்தப் படிப்பு ஆரம்பமானது. 2019ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஆதரவு சிகிச்சைக்கும் இடம் கிடைத்தது. அப்படியென்றால், இன்று ஐம்பது வயதில் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற ஒரு சர்ஜன் படித்த காலத்தில் இது பாடமாகவே இல்லை. அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான்.

பயிற்சியில் என்னென்ன கற்க வேண்டும்?

நல்ல மனசு இருந்தால் போதாதா, இதற்குப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். நல்ல மனசு இருப்பதால் மட்டும் குடல்வால் ஆபரேஷன் செய்துவிட முடியுமா? இதுவும் வித்தைதான். ஐந்து பாடங்களாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. வலியை அளப்பது. காய்ச்சலை அளக்கிறோம், ரத்த அழுத்தத்தை அளக்கிறோம். வலியை மட்டும் முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடுகிறோம். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி என்று வைத்துக்கொண்டு, நோயாளி சொல்கிற எண்ணைக் குறிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் நான், "ரூபாய்க்கு எத்தனை காசு வலிக்குது?" என்று கேட்பேன். "முக்கால் ரூபா வலி" என்று சட்டென்று பதில் வரும். மருந்து கொடுத்த பிறகு "இப்ப கால் ரூபாதான்" என்றால் மருந்து வேலை செய்கிறது. அளக்காத வலிக்கு மருந்தை ஏற்றுவதும் இறக்குவதும் குருட்டு வேலை.

2. படிப்படியாக மருந்து. 1986ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி ஒன்றைக் கொடுத்தது. லேசான வலிக்கு பாரசிட்டமால் போன்றவை. அதற்கு மேல் கோடீன், டிரமடால் வகை. கடும் வலிக்கு மார்ஃபின். நரம்பு வலி, அதாவது எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற சுளீர் வலி என்றால் கூடவே துணை மருந்துகள். கடும் வலிக்காரரை முதல் படியிலிருந்துதான் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதில் இரண்டு விதிகள் முக்கியம். முடிந்தவரை ஊசி வேண்டாம், வாய் வழியாகவே கொடுப்பது. வலி வரட்டும் என்று காத்திராமல் மணி பார்த்துக் கொடுப்பது. நம் வீடுகளில் செய்கிற தவறு இரண்டாவதில்தான். "இப்ப வலி இல்லையே, மாத்திரையை மிச்சம் பிடிப்போம்" என்று தள்ளிப்போடுவார்கள். நடுராத்திரி வலி ஏறிக்கொண்டபின் அதை அடக்க அதிக மருந்து தேவைப்படும்.

3. எந்த ஆபரேஷன் ஆறுதல் தரும், எது தராது? இது சர்ஜனுக்கே உரிய பாடம். குணமாக்காது, ஆனால் துன்பத்தைக் குறைக்கும் அறுவைகள் பல உண்டு. உணவுக்குழாயை அடைத்த கட்டிக்குள் ஒரு குழாயைச் செருகிவிட்டால், எச்சில்கூட விழுங்க முடியாதவர் கஞ்சி குடிப்பார். இரைப்பையின் வாய் அடைத்துக்கொண்டால் குடலை வேறு இடத்தில் இணைத்து மாற்றுப்பாதை போடலாம். பெருங்குடல் அடைத்தால் வயிற்றில் வழி வைத்துப் பை பொருத்தலாம். பித்தக் குழாய் அடைத்து மஞ்சள் காமாலை ஏறியவருக்குக் குழாய் வைத்தால் உயிரை எடுக்கிற அரிப்பு நிற்கும். புற்றுநோய் பரவி ஒடிந்த தொடை எலும்புக்குக் கம்பி வைத்தால் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கலாம். அழுகிய மார்புக் கட்டியை அகற்றினால் ரத்தக் கசிவும் நாற்றமும் போகும். அகற்ற முடியாத புண்ணில்கூட மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்வார்கள், வாடை குறையும். நாற்றத்துக்குக் கூச்சப்பட்டுப் பேரப் பிள்ளையைக் கிட்டே சேர்க்காத பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய வைத்தியம்!

அதே நேரத்தில், செய்யாமல் விட வேண்டிய ஆபரேஷனையும் தெரிந்திருக்க வேண்டும். மிச்சமுள்ள நாட்களில் பாதியை ஐ.சி.யூ.விலேயே கழிக்க வைக்கும் அறுவையால் யாருக்கு லாபம்? எலும்பில் பரவிய வலிக்குக் கத்தியே வேண்டாம், ஒரே ஒரு தடவை கொடுக்கிற கதிர்வீச்சே பலருக்குப் போதும். கணைய வலிக்கு நரம்பு முடிச்சில் ஊசி போட்டு மரக்கச் செய்யும் முறையும் உண்டு. எதை யாரிடம் அனுப்புவது என்று அறிந்திருப்பதும் சர்ஜனின் திறமைதான்.

4. பேசுவது. கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கும் முறை இருக்கிறது. வராந்தாவில் நின்றபடி சொல்லக்கூடாது. உட்கார்ந்து சொல்ல வேண்டும். முதலில், "உங்களுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அறிய வேண்டும். புரிகிற வார்த்தையில் சிறுகச் சிறுகச் சொல்லி, அவர் அழுதால் அழ விட்டு, கடைசியில் "அடுத்து நாம் இதைச் செய்யப் போகிறோம்" என்று முடிக்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் டாக்டராகவும் நடித்துப் பழகுவார்கள்.

நம் குடும்பங்கள் டாக்டருக்குப் போடுகிற முட்டுக்கட்டையும் ஒன்று உண்டு. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்!" அப்பாவுக்குத் தன் உடம்பு தெரியாதா? பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். அவர் பிள்ளைகளுக்காக நடிப்பார், பிள்ளைகள் அவருக்காக நடிப்பார்கள். பட்டாவை யார் பேரில் எழுதுவது, சண்டை போட்டுப் பிரிந்த தம்பியைக் கூப்பிட்டுவிடலாமா என்று பேச வேண்டியதெல்லாம் பேசாமலே போய்விடும். பயிற்சி பெற்ற சர்ஜன் குடும்பத்தைக் கடிந்துகொள்ள மாட்டார். அப்பாவிடமே "என்ன தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க ஐயா?" என்று கேட்டு, அவர் விருப்பத்தின்படி நடப்பார்.

5. ஒப்படைப்பது. சர்ஜன் எல்லாவற்றையும் தானே செய்ய முடியாது. ஊரில் உள்ள டாக்டருக்கு ஒரு கடிதம், நர்ஸுக்குப் புண் கட்டும் முறை, வீட்டாருக்கு மருந்து அட்டவணை, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண். இந்த நான்கையும் கொடுத்து அனுப்பினால் அவர் கைவிட்டதாகாது.

மார்ஃபின்: பயப்படலாமா?

மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும், "ஐயோ, போதை மருந்தாச்சே!" என்பார்கள். அபினிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் செர்ட்யூர்னர். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மருந்துக்காக அபின் செடியைச் சட்டப்படி பயிரிடும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச மாநிலங்களில் அரசு உரிமத்தோடு விளைகிறது. அப்படி இருந்தும், 1985ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், ஆஸ்பத்திரிகள் பல உரிமங்களுக்கு அலைய வேண்டி வந்தது. பலர் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார்கள். அதைத் தொடாமலே ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து முடித்தார்கள். 2014ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசியமானவை என்று பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் எளிதாக வாங்க வழி செய்தார்கள். சட்டம் மாறிவிட்டது. பயம் இன்னும் மாறவில்லை.

உண்மை என்ன? கடும் புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும். அது வேறு, போதையைத் தேடி அலைவது வேறு. பழகிய மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்படி குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். சரியான அளவில் கொடுத்தால் ஆயுளையும் குறைக்காது. வலி அடங்கியதால் நாலு வாய் சாப்பிட்டு, எழுந்து திண்ணையில் உட்காருபவர்கள் உண்டு.

முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் அநேகமாக எல்லோருக்கும் வரும், தானாகப் போகாது. அதனால் மார்ஃபின் எழுதுகிற அன்றே மலமிளக்கியும் எழுத வேண்டும். உலகெங்கும் இதற்குக் கொடுக்கிற மருந்துகளில் முக்கியமானது சென்னா. அது வேறொன்றுமல்ல, நம் நிலாவாரைதான்! திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, உலகச் சந்தையில் அந்த ஊர்ப் பெயரிலேயே விற்கிற இலை. பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் கைநிறைய அள்ளிப் பார்த்த மூலிகை. ஆனால் குடல் அடைப்பு இருப்பவருக்கு இதையும் கொடுக்கக் கூடாது. அதனால் டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் அளவு மாறும். நோயாளியை எழுப்ப முடியாதபடி மயக்கம், மூச்சு மிகவும் மெதுவாவது, இந்த இரண்டையும் கண்டால் உடனே டாக்டரை அழையுங்கள். மருந்தைப் பூட்டி வையுங்கள். மிச்சமானால் கொடுத்த இடத்திலேயே திருப்பித் தாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற வலி

வலி தணிக்கும் பயிற்சி, தீராத நோய்க்காரருக்கு மட்டும் பயன்படுவதல்ல. "கத்தி பட்டா வலிக்காமலா இருக்கும்? பொறுத்துக்கோங்க" என்பது பழைய கதை. வயிற்று ஆபரேஷன் ஆனவர் வலிக்குப் பயந்து இருமாமல், மூச்சை இழுத்து விடாமல் படுத்திருந்தால் சளி தங்கி நிமோனியா வரலாம். நடக்காமல் கிடந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். சில சமயம் அடக்காமல் விட்ட வலி, தழும்பு ஆறிய பிறகும் மாதக் கணக்கில் தொடரும். ஆக, வலி தணிப்பதும் ஆபரேஷனின் ஒரு பகுதிதான்.

நம் பக்கத்தில் சர்க்கரை நோயால் காலை எடுத்தவர்கள் நிறைய. "இல்லாத கால் வலிக்குது" என்று அவர்கள் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், அல்லது காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அது மாய உறுப்பு வலி. காலை எடுத்தாலும் மூளைக்குள் இருக்கிற காலின் வரைபடம் அழிவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து இதற்கு வழி கண்டார். நல்ல கையின் அல்லது காலின் பிம்பத்தை, இழந்ததன் இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கச் சொல்வது. எல்லோருக்கும் பலிக்காது, பலருக்குப் பலித்திருக்கிறது. மருந்துகளும் உண்டு. காலை எடுத்த சர்ஜன், "இப்படி வலி வரலாம், வந்தால் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

சித்த மருத்துவம் எங்கே நிற்கிறது?

எங்கள் புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டில் அறுவையும் ஒன்று. ஒற்றடம், பற்று, கட்டு ஆகியவையும் அதே வரிசையில் வருகின்றன. கத்தியையும் ஒற்றடத்தையும் ஒரே பட்டியலில் வைத்த மரபு இது. அதனால் உரிமையோடு சில விஷயங்கள் சொல்வேன்.

எங்களால் ஆவது: படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்துப் படுக்கைப் புண் வராமல் காக்கச் சொல்லித் தருவது, வாயைச் சுத்தமாக வைக்கச் சொல்வது, செரிக்கக்கூடிய கஞ்சி வகை சொல்வது, தசைப் பிடிப்புக்கு இளஞ்சூடாக ஒற்றடம் கொடுப்பது.

செய்யக் கூடாதது: கட்டியின் மேல் எண்ணெய் தேய்த்து அமுக்குவது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உருவி விடுவது, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். எலும்பும் தோலுமாக இருப்பவருக்குக் கடும் பத்தியம் போட்டு இன்னும் வாட்டுவது. அக்கம் பக்கத்தில் யாரோ கொடுத்த பற்பம், செந்தூரத்தை டாக்டருக்குத் தெரியாமல் கொடுப்பது. "கேன்சர் கியாரண்டியாகக் குணம்" என்று விளம்பரம் செய்பவரிடம் கடைசிச் சேமிப்பையும் கொட்டுவது. கடும் புற்றுநோய் வலிக்கு என்னிடம் வந்தவரை நானே மார்ஃபின் கிடைக்கும் இடத்துக்குத்தான் அனுப்புகிறேன். அதில் எனக்குக் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

நம் பக்கத்தில் எங்கே கேட்பது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்நின்று 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும், வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கான பிரிவுகள் உள்ளன. புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தாருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். எல்லாவற்றையும் விடக் கிட்டத்தில், தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சையும் ஒரு பகுதி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், "படுக்கையில் இருப்பவருக்கு ஆதரவு சிகிச்சை வேண்டும், நர்ஸ் வருவாங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தான் பெயர் பதிவாகும்.

உங்கள் சர்ஜனிடம் கேட்க வேண்டியவை

நான் ஆரம்பத்தில் சொன்ன உங்கள் வேலை இதுதான். ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

1. இந்த ஆபரேஷன் நோயைக் குணமாக்கவா, கஷ்டத்தைக் குறைக்கவா?
2. செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்?
3. ஆபரேஷனுக்குப் பின் வலிக்கு என்ன ஏற்பாடு? ராத்திரியில் வலித்தால் யாரைக் கூப்பிடுவது?
4. வலியை எண்ணால் குறித்து வைக்கட்டுமா, அடுத்த முறை பார்ப்பீர்களா?
5. இந்த ஆஸ்பத்திரியில் ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்?
6. மார்ஃபின் தேவைப்பட்டால் எங்கே கிடைக்கும்? மலச்சிக்கலுக்கு என்ன மருந்து?
7. எங்கள் ஊர் டாக்டருக்கு ஒரு கடிதம் தருவீர்களா?

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். மரியாதையாகக் கேட்கப்படும் கேள்விக்கு நல்ல டாக்டர் கோபிப்பதில்லை. பதில் தெரியாவிட்டால் தேடிப் பார்ப்பார். பத்துக் குடும்பங்கள் அதே கேள்வியோடு வந்தால், பதினோராவது குடும்பம் வருவதற்குள் அவரே கற்றுக்கொண்டிருப்பார். இந்திய ஆதரவு சிகிச்சைச் சங்கம், வேலையில் இருக்கிற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சான்றிதழ் வகுப்பு நடத்துகிறது. சர்ஜன்களும் சேரலாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். இந்த நான்காவது ஆள் நீங்கள்தான். மணி பார்த்து மாத்திரை கொடுப்பதும், "ரூபாய்க்கு எத்தனை காசு?" என்று கேட்டு நோட்டில் குறிப்பதும், அந்த நோட்டோடு போய் டாக்டர் எதிரில் உட்காருவதும் உங்கள் பங்கு. "செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். "வலிக்கு என்ன செய்யலாம் டாக்டர்?" என்று இன்னொரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்.